இளகிய மனம் என்றொரு பொய்

சென்னை நாளிதழ் வாசகருக்கு இந்தச் செய்தி பழக்கமானது. மயிலாப்பூர் மாட வீதியிலோ தி. நகரின் உள்தெரு ஒன்றிலோ வயதான அம்மா ஒருவர் காலையில் தனியாக நடந்துபோகிறார். மோட்டார் சைக்கிளில் வந்த இருவர் மறிக்கிறார்கள். போலீஸ் என்கிறார்கள். "முன்னாடி தெருவுல பெரிய தகராறும்மா. இவ்வளவு நகையைப் போட்டுக்கிட்டு இப்படித் தனியாப் போகலாமா? கழட்டிப் பையில வெச்சுக்கங்க" என்று அதட்டலும் அக்கறையுமாகச் சொல்கிறார்கள். அவர் கழற்றுகிறார். அவர்களே காகிதத்தில் மடித்துப் பைக்குள் போட்டுக் கொடுக்கிறார்கள். வீட்டுக்கு வந்து பிரித்தால் உள்ளே கல். காவல்துறைக் குறிப்பில் இதற்குப் பெயர் 'கவனத்தைத் திசைதிருப்பி நகை பறிப்பு'.

தெருவில் இதற்குப் பெயர் வேறு. "ஹிப்னாடிசம் பண்ணிட்டாங்க" என்பார்கள். நகையை இழந்தவரும் அதையே சொல்வார்: "என்ன நடந்ததுன்னே தெரியல, கட்டுப்பட்டவ மாதிரி கழட்டிக் குடுத்துட்டேன்." பேச்சு அதோடு நிற்பதில்லை. அக்கம்பக்கத்தாரும், சில வீடுகளில் பெற்ற பிள்ளைகளுமே, ஒரு தீர்ப்பைச் சேர்த்துக்கொள்கிறார்கள்: "அம்மாவுக்கு இளகின மனசு. யார் என்ன சொன்னாலும் நம்பிடுவா. நம்மகிட்டயெல்லாம் அது பலிக்காது."

அந்தத் தீர்ப்பை மறுக்கவே இதை எழுதுகிறேன். மனோவசியத்துக்கு உட்படுவது குணத்தில் உள்ள ஓட்டை; திடசித்தர், படித்தவர், தர்க்கபுத்திக்காரர் உட்படமாட்டார்; பெண்கள், முதியோர், கிராமத்தார், பக்தி மிகுந்தவர், சட்டென்று கண்கலங்குபவர் உடனே உட்படுவர் என்பது இந்த ஊரில் ஏறக்குறைய எல்லோரும் ஒப்புக்கொண்ட கருத்து. இதற்கு ஆங்கிலம் பேசும் வடிவமும் ஒன்று உண்டு. அடையாறு, திருவான்மியூர் பக்கத்து அலுவலகப் பயிற்சி வகுப்புகளில் மயர்ஸ்-பிரிக்ஸ் தாளை நிரப்பி, பதினாறு வகையில் தான் எந்த வகை என்று நான்கு எழுத்தில் தெரிந்துகொண்டவர்கள், "நான் திங்கிங் டைப், என்னை யாராலும் ஹிப்னடைஸ் பண்ண முடியாது" என்கிறார்கள். மாட வீதியில் 'இளகின மனசு' என்பதும் வகுப்பறையில் 'ஃபீலிங் டைப்' என்பதும் ஒரே கருத்துதான். இரண்டும் தவறு. தவறு என்பதோடு, இரண்டும் மனிதருக்குத் தீங்கு செய்கின்றன.

முதலில் நகைப் பறிப்பை எடுத்துக்கொள்வோம். அது ஹிப்னாடிசமே அல்ல. ஹிப்னாடிசத்தில் ஒருவர் இன்னொருவரின் சம்மதத்தோடு அவர் கவனத்தை ஒரு புள்ளியில் குவிக்க வைக்கிறார். பிறகு 'கை கனக்கிறது', 'வலி விலகுகிறது' என்பதுபோன்ற கருத்தேற்றங்களைச் சொல்கிறார். கேட்பவர் அவற்றை உண்மையில் நடப்பதுபோலவே, தான் முயலாமலே நடப்பதுபோலவே உணர்கிறார். மாட வீதியில் இவற்றில் ஒன்றும் நடக்கவில்லை. நடந்தது அதிகாரத்தின் வேடம், அவசரம், பயம், கொஞ்சம் அக்கறை. ஒரு நிமிடத்துக்குள் முடிவெடு என்று நெருக்கினால் எவருடைய நிதானமும் குலையும். பிறகு நினைவு கோவையாக வராததும் அதனால்தான். பதற்றத்தில் கழிந்த நிமிடங்கள் அப்படித்தான் துண்டுதுண்டாக நிற்கும்.

இதற்குச் சான்று வேண்டுமானால் 'டிஜிட்டல் அரெஸ்ட்' மோசடியைப் பாருங்கள். 2024 அக்டோபரில் பிரதமரே வானொலி உரையில் எச்சரிக்கும் அளவுக்கு அது நாடெங்கும் பரவியது. வீடியோ அழைப்பில் சி.பி.ஐ. என்றும் சுங்கத்துறை என்றும் சொல்லிக்கொண்டவர்களிடம் வாழ்நாள் சேமிப்பை அனுப்பியவர்களில் மருத்துவர்கள் உண்டு, பொறியாளர்கள் உண்டு, ஓய்வுபெற்ற அதிகாரிகள் உண்டு. அவர்களை யாரும் 'இளகின மனசு' என்று சொல்லவில்லை. "நம்பும்படியா பேசியிருக்காங்க" என்கிறோம். மாட வீதி அம்மாவிடம் நடந்ததும் அதே உத்திதான். அவருக்கு மட்டும் எதற்காகப் பலவீனப் பட்டம்? அந்தப் பட்டத்துக்கு அஞ்சியே பலர் காவல் நிலையப் படியேறுவதில்லை. வீட்டில் சொல்லவும் தயங்குகிறார்கள். திருடனுக்கு இதைவிடப் பெரிய உதவியை யாரும் செய்ய முடியாது.

சினிமாவும் இதில் தன் பங்கைச் செய்திருக்கிறது. 2011-இல் வெளிவந்த 'ஏழாம் அறிவு' படத்தில் வில்லன் ஒரு பார்வை பார்த்தால் போதும், தெருவில் போகிறவர் கொலைகாரராக மாறிவிடுவார். நோக்கு வர்மம் என்ற பெயர் தமிழ்நாட்டின் பட்டிதொட்டியெல்லாம் அதனால் பரவியது. பார்ப்பவனிடம் சக்தி, பார்க்கப்படுபவனிடம் வெறுமை என்பதே அந்தக் காட்சிகள் நம் மனதில் பதித்துவிட்ட படம். ஹிப்னாடிசத்தைப் பற்றி இதற்கு நேர் எதிரானதைச் சொன்ன முதல் மனிதர்களில் ஒருவர் இந்தியர் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

அவர் அபே ஃபாரியா. கோவாவின் கண்டோலிமில் 1756-இல் பிறந்த கத்தோலிக்கப் பாதிரியார். பாரிஸ் நகரில் 1813-இல் பொதுமக்கள் முன்னிலையில் ஹிப்னாடிசத்தைச் செய்துகாட்டி விரிவுரை ஆற்றினார். அதற்கு முன் மெஸ்மர் என்ற மருத்துவர், தன் உடலிலிருந்து ஒரு காந்தத் திரவம் பாய்ந்து நோயாளியை ஆட்கொள்கிறது என்று சொல்லியிருந்தார். பெஞ்சமின் ஃபிராங்க்ளினும் லவாய்சியரும் இருந்த பிரெஞ்சு அரசுக் குழு 1784-இல் அதைச் சோதித்து, அப்படியொரு திரவமே இல்லை, வேலை செய்வது கற்பனைதான் என்று அறிவித்தது. ஃபாரியா ஒரு படி மேலே போனார். துயில வைப்பவனிடம் எந்தச் சக்தியும் இல்லை; அது துயில்பவரின் உள்ளிருந்து எழுகிறது என்றார். பணஜியில் அவருக்குச் சிலை இருக்கிறது. அவர் சொன்னதன் உட்பொருளை இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகும் நாம் வாங்கிக்கொள்ளவில்லை. உட்படுபவரிடம்தான் அந்த ஆற்றல் இருக்கிறதென்றால், அதைப் பலவீனம் என்று எப்படிச் சொல்வது?

'ஆற்றல்' என்று நான் சொல்வது ஆறுதலுக்காக அல்ல, அதை அளந்திருக்கிறார்கள். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் எர்னஸ்ட் ஹில்கார்டும் ஆந்த்ரே வைட்சன்ஹோஃபரும் 1959-இலும் 1962-இலும் அளவுகோல்களை வெளியிட்டார்கள். அவற்றில் 1962-இல் வந்த 'சி' வடிவத்தில் பன்னிரண்டு சோதனைகள். நீட்டிய கை தானே தாழ்கிறதா, விறைத்த கையை மடக்க முடிகிறதா, அம்மோனியாவின் நெடி தெரியாமல் போகிறதா, மேசையில் உள்ள மூன்று பெட்டிகளில் இரண்டுதான் கண்ணுக்குப் படுகின்றனவா என்று படிப்படியாகக் கடினமாகும். கொசு ஒன்று காதருகே ரீங்கரித்துக் கையில் உட்காருகிறது என்று சொல்லி, அவர் விரட்டுகிறாரா என்று பார்க்கும் சோதனையும் அதில் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். பன்னிரண்டில் எத்தனை என்பதே அவருடைய அளவு.

பல நாடுகளில் பலமுறை செய்து பார்த்ததில் கிடைத்த படம் தெளிவானது. ஏறக்குறைய பத்தில் ஒருவர் மிக நன்றாக உட்படுகிறார். ஏறக்குறைய அதே அளவினர் அநேகமாக உட்படுவதே இல்லை. மீதிப் பெரும்பான்மை இடையில் இருக்கிறது. ஆண், பெண் வேறுபாடு மிகச் சிறியது. உட்படும் திறன் குழந்தைப் பருவத்தின் பிற்பகுதியில் உச்சத்தில் இருந்து, பிறகு மெல்லக் குறைகிறது. அதாவது 'வயதானவர் எளிதில் மயங்குவார்' என்று நாம் சொல்வது தலைகீழ். இன்னும் முக்கியமான ஒன்று: ஸ்டான்ஃபோர்டில் மாணவராக இருந்தபோது சோதிக்கப்பட்ட 50 பேரை 25 ஆண்டுகள் கழித்துத் தேடிப் பிடித்து மறுபடி சோதித்தார்கள். பிச்சியோனே, ஹில்கார்ட், சிம்பார்டோ மூவரும் 1989-இல் வெளியிட்ட முடிவின்படி, பழைய மதிப்பெண்ணுக்கும் புதியதற்கும் உள்ள ஒட்டுறவு 0.71. கால் நூற்றாண்டில் வேலை, கல்யாணம், பிள்ளைகள், இழப்புகள் என்று எல்லாம் மாறியிருக்கும். இது மட்டும் பெரிதும் மாறவில்லை.

இவ்வளவு நிலையான ஒரு தன்மை ஏதாவதொரு குணவகையோடு ஒட்டியிருக்க வேண்டுமே என்று ஆராய்ச்சியாளர்களும் நினைத்தார்கள். தேடாமல் விடவில்லை. அகமுகி, புறமுகி என்ற பிரிப்பை உலகெங்கும் பரப்பிய ஹான்ஸ் ஐசன்க் 1940-களிலேயே தேடினார். ஹில்கார்ட் குழுவினர் அன்றிருந்த பெரிய ஆளுமை வினாத்தாள்களையெல்லாம் கொடுத்துப் பார்த்தார்கள். பிற்காலத்தில் 'ஐம்பெரும் பண்புகள்' என்ற அளவு வந்தபோது அதையும் வைத்துப் பார்த்தார்கள். ஓர் ஆய்வில் புறமுகிகளுக்குச் சற்று அதிகம் என்று வரும். அடுத்த ஆய்வில் அது காணாமல் போகும். பதற்றக்காரர், அமைதியானவர், அடங்கிப்போகிறவர், ஆதிக்கம் செலுத்துபவர் என்று எந்த வகையைக் கேட்டாலும் இதே கதைதான். ஐசன்க்கும் ஃபர்னோவும் 1945-இல் காட்டியதே இன்றும் நிற்கிறது: கருத்தேற்றத்துக்கு உடல் அசைந்து கொடுப்பது ஒன்று, பிறர் சொல்வதை நம்பி ஏமாறுவது வேறொன்று. இரண்டையும் ஒரே மூட்டையில் கட்ட முடியாது.

சுருதி ஞானம் உள்ளவரை நினைத்துப் பாருங்கள். கோபக்காரருக்கும் அது இருக்கும், சாதுவுக்கும் இருக்கும். சேர்ந்திசையில் ஒழுங்காகப் பாடுகிறார் என்பதால் யாருக்கும் அடங்கிப்போகிறவர் என்று ஆகிவிடாது. ஹிப்னாடிசத்துக்கு உட்படும் திறனும் அதுபோலத் தனியாக நிற்கும் ஒன்று.

எதிர்த்தரப்பில் வலுவான வாதம் ஒன்று உண்டு. அதை மறைக்க மாட்டேன். மார்கழியில் மியூசிக் அகாடமியிலோ நாரத கான சபாவிலோ தோடி ஆலாபனை நடக்கும்போது சிலர் பக்கத்து நாற்காலிக்காரரோடு பேசுவதையும் கைபேசியையும் மட்டுமல்ல, தங்களையே மறந்துவிடுகிறார்கள். இன்னும் சிலர் அதே ஆலாபனையை நன்றாக ரசித்தபடியே, அடுத்த கச்சேரிக்கு எத்தனை மணிக்குக் கிளம்பவேண்டும் என்றும் கணக்குப் போடுகிறார்கள். முதல் வகையினரின் தன்மைக்கு 'ஆழ்ந்து ஒன்றுதல்' என்று பெயர் கொடுத்து, டெலிகனும் அட்கின்சனும் 1974-இல் ஒரு வினாத்தாள் தயாரித்தார்கள். ஹிப்னாடிச மதிப்பெண்ணோடு ஓரளவேனும் தொடர்ந்து ஒட்டியது இது ஒன்றுதான். ஜோசஃபின் ஹில்கார்ட் நூற்றுக்கணக்கானோரை நேர்காணல் செய்து 1970-இல் எழுதிய நூலும், கதையிலும் இசையிலும் கற்பனையிலும் மூழ்கும் பழக்கம் சிறுவயதிலிருந்து உள்ளவர்கள் நன்கு உட்படுகிறார்கள் என்றது.

சரி, அப்படியானால் இதுவே அந்த 'டைப்' என்று கொள்ளலாமா? கூடாது. அந்த ஒட்டுறவு பெரும்பாலும் 0.2, 0.3 அருகில்தான் நிற்கிறது. 0.3 என்றே வைத்துக்கொண்டாலும், மனிதருக்கு மனிதர் காணும் வேறுபாட்டில் நூற்றில் ஒன்பது பங்கைத்தான் அது விளக்கும். மீதி தொண்ணூற்றொன்று வெளியே நிற்கிறது. அந்தச் சிறு ஒட்டுறவும், இரண்டு சோதனைகளையும் ஒரே இடத்தில், ஒன்றுக்கொன்று தொடர்புண்டு என்று தெரியும்படி நடத்தினால்தான் நன்றாகத் தென்படுகிறது. தொடர்பில்லாத இரண்டு ஆய்வுகள்போல நடத்தினால் மெலிந்துவிடுகிறது என்று கௌன்சிலும் கிர்ஷும் 1986-இல் காட்டினார்கள். வினாத்தாளில் 'நான் இசையில் மூழ்குபவன்' என்று எழுதியவர், அடுத்த அறையில் தன்னிடம் எதை எதிர்பார்க்கிறார்கள் என்பதையும் ஊகித்துவிடுகிறார். ஆகவே கச்சேரியில் கண்மூடிக் கரைகிறவரைக் காட்டி 'இவர் உட்படுவார்' என்று பந்தயம் கட்டினால் அநேகமாகத் தோற்போம்.

வகைப்பிரிப்பை நேரடியாகவே முன்வைத்த மருத்துவரும் உண்டு. நியூயார்க்கின் மனநல மருத்துவர் ஹெர்பர்ட் ஸ்பீகல், கிரேக்கப் பெயர்களைக் கொண்டு மனிதரை மூன்றாகப் பிரித்தார். அறிவால் வாழும் அப்போலோ வகையினர் குறைவாக உட்படுவர். உணர்ச்சியால் வாழும் டயோனிசஸ் வகையினர் மிகுதியாக உட்படுவர். ஒடிசியஸ் வகையினர் நடுவில் ஊசலாடுவர். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்றையும் சொன்னார்: மேலே பார்த்தபடி இமையை மூடச் சொல்லுங்கள், விழியின் வெள்ளை எவ்வளவு தெரிகிறதோ அவ்வளவு திறன். பார்த்த உடனே சொல்லிவிடலாம் என்பதில் ஒரு கவர்ச்சி இருக்கிறது. இன்றும் பயிற்சி வகுப்புகளில் இந்த விழிச் சோதனை உயிரோடு இருப்பதற்கு அதுவே காரணம். ஸ்பீகலும் ஹில்கார்டும் மார்ட்டின் ஆர்னும் சேர்ந்தே 1979-இல் வெளியிட்ட ஒப்பீட்டில், அந்த விழிவெண்மை ஸ்டான்ஃபோர்ட் மதிப்பெண்ணோடு ஒட்டவில்லை. கருத்து மாறுபட்ட அறிஞர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து சோதித்து முடிவை ஒப்புக்கொண்டது பாராட்டத்தக்கது. அந்த முடிவை மறந்துவிட்டு மூன்று வகைகளை மட்டும் மேடையில் சொல்பவர்களைப் பாராட்ட முடியாது.

மனத்திடம் என்ற வாதத்துக்கு வருகிறேன். உட்பட்டவர் தன் இச்சையை இழந்துவிடுகிறார், ஆகவே இச்சை வலுவில்லாதவரே உட்படுவார் என்கிறார்கள். ஆர்னும் எவன்ஸும் 1965-இல் இதை அஞ்சாமல் சோதித்தார்கள். ஹிப்னாடிசத்தில் இருந்தவர்களிடம் விஷப்பாம்பைப் பிடிக்கச் சொன்னார்கள். அமிலத்தில் கிடந்த காசைக் கையால் எடுக்கச் சொன்னார்கள். அமிலத்தை ஆய்வாளர் முகத்தில் வீசச் சொன்னார்கள். யாருக்கும் ஆபத்து வராதபடி மறைவாக ஏற்பாடுகள் இருந்தன. பெரும்பாலோர் சொன்னதைச் செய்தார்கள். இத்தோடு நிறுத்தியிருந்தால் நம் தெருத் தீர்ப்பு வென்றிருக்கும். ஆனால் உட்படவே உட்படாத இன்னொரு குழுவினரிடம், 'உட்பட்டதுபோல் நடியுங்கள்' என்று சொல்லியிருந்தார்கள். முழு விழிப்பில் இருந்த அவர்களும் அதையெல்லாம் செய்தார்கள். 'பல்கலைக்கழகம் நடத்தும் ஆய்வு, உண்மையில் ஆபத்து இருக்காது' என்ற நம்பிக்கைதான் இரு குழுவையும் நகர்த்தியது. கீழ்ப்படிதலுக்குக் காரணம் அந்த இடத்தின் அதிகாரம். பறிபோன இச்சை என்று ஒன்று அங்கே இல்லை.

பிறகு ஏன் இந்த வகைப்பிரிப்பு இவ்வளவு பிடிவாதமாக நிற்கிறது? என் பதில் இது: ஒவ்வொரு காலத்திலும் கீழே இருந்தவர்களைக் கீழே வைக்க அது உதவியிருக்கிறது. 1784-இன் பிரெஞ்சுக் குழு வெளியிட்ட அறிக்கையோடு மன்னருக்கென்று தனியாக ரகசிய அறிக்கையும் எழுதியது. பெண்களின் நரம்புகள் எளிதில் அசைபவை, ஆகவே ஒழுக்கத்துக்கு ஆபத்து என்பது அதன் சாரம். பாரிஸின் நரம்பியல் மருத்துவர் சார்கோ, ஹிஸ்டீரியா நோய் கண்ட பெண்களை மேடையேற்றி, உட்படுவதே அந்த நோயின் அடையாளம் என்றார். நான்சி நகரின் மருத்துவர் பெர்ன்ஹைம் அதை எதிர்த்து, சாதாரண மனிதரும் உட்படுவர் என்று நிறுவினார். ஆனால் அவரும் கீழ்ப்படிந்து பழகிய முன்னாள் சிப்பாய்களும் உழைப்பாளிகளும்தான் நன்றாக உட்படுகிறார்கள் என்று ஒரு வரி சேர்த்துவைத்தார்.

நம் நாட்டில் நடந்தது இதைவிடக் கொடிது. ஹூக்ளியில் அரசு மருத்துவராக இருந்த ஜேம்ஸ் எஸ்டெய்ல் என்ற ஸ்காட்லாந்துக்காரர், 1845 ஏப்ரல் 4 அன்று ஒரு கைதிக்கு மெஸ்மரிச முறையில் வலியைத் தணித்து விதைவீக்க அறுவை செய்தார். குளோரோஃபார்ம் வருவதற்கு முந்தைய காலம் அது. மயக்க மருந்தில்லாமல் கட்டிவைத்து அறுத்துக்கொண்டிருந்த நாட்களில், பல ராத்தல் எடையுள்ள யானைக்கால் நோய்க் கட்டிகளை நோயாளி அலறாமல் அவர் அகற்றினார். இதைச் சோதிக்க அரசு ஒரு குழுவை நியமித்தது. 1846-இல் கல்கத்தாவில் இதற்கென்றே ஒரு மருத்துவமனை ஓராண்டுச் சோதனையாகத் திறக்கப்பட்டது. அப்போது ஆங்கிலேய மருத்துவ உலகம் சொன்ன மறுப்பு என்ன? இந்தியர் நடிக்கிறார்கள், துரையைத் திருப்திப்படுத்த வலியை விழுங்குகிறார்கள் என்றனர் சிலர். இந்தியரின் உடலும் மனமும் அடங்கிப்போகும் வகை, இது வெள்ளையரிடம் செல்லாது என்றனர் மற்றவர். அறுவைக் கத்திக்குக் கீழே படுத்திருந்த கூலிக்காரரின் அசாதாரணத் திறன் ஓர் இனத்தின் பலவீனமாக எழுதப்பட்டது. அன்று வங்காளி விவசாயியைப் பற்றிச் சொன்ன அதே வாக்கியத்தை இன்று நாம் மயிலாப்பூரில் நம் தாயைப் பற்றிச் சொல்கிறோம்.

நம் ஊரிலேயே இதற்கு மாற்றான ஒரு முன்மாதிரி இருந்தது. 1882-இன் இறுதியில் பிரம்மஞான சபையின் தலைமையகம் அடையாற்றுக்கு வந்தது. அதே ஆண்டு இலங்கையில் தொடங்கி, அடுத்த ஆண்டு வங்காளத்திலும் தென்னாட்டிலும் சபையின் தலைவர் கர்னல் ஆல்காட் மெஸ்மரிச முறையில் ஆயிரக்கணக்கான நோயாளிகளைத் தொட்டுப் பார்த்தார். அவருடைய காந்தத் திரவக் கொள்கையை நான் ஏற்கவில்லை. அவர் குணப்படுத்தியதாகச் சொன்னவற்றில் பலவும் நிரூபிக்கப்பட்டவை அல்ல. ஆனால் யார் எளிதில் உட்படுவார் என்று அறிய அவர் கையாண்ட வழியைப் பாருங்கள். சாதி கேட்கவில்லை, படிப்பு கேட்கவில்லை, குணம் விசாரிக்கவில்லை. ஆளைச் சுவரைப் பார்த்து நிற்கவைத்து, பின்னால் நின்று கையை நீட்டி, உடல் சாய்கிறதா என்று பார்த்தார். தன் நினைவுக் குறிப்புகளில் அதை எழுதியும் வைத்தார். அறுபது ஆண்டுகள் கழித்து ஐசன்க்கும் ஃபர்னோவும் ஆய்வகத்தில் பயன்படுத்திய உடல்சாய்வுச் சோதனை ஏறக்குறைய இதுவே. கொள்கை பிழையாக இருந்தும், ஆளைச் சோதிக்காமல் தீர்ப்புச் சொல்லக்கூடாது என்ற ஒழுங்கு அவரிடம் இருந்தது. எல்லா அளவுகோல்களும் கையில் இருந்தும் அந்த ஒழுங்கு நம்மிடம் இல்லை.

இதன் விலையை இன்று கொடுப்பவர்கள் நோயாளிகள். ஹிப்னாடிசம் மேடை வித்தை மட்டுமல்ல. மான்செஸ்டரில் பீட்டர் வோர்வெல் குழுவினர் 1984-இல் 'லான்செட்' இதழில் வெளியிட்ட ஆய்வில், வேறு சிகிச்சை பலிக்காத குடல் எரிச்சல் நோயாளிகள் 30 பேரைச் சேர்த்து, ஹிப்னாடிசச் சிகிச்சை பெற்றவர்கள் மற்றவர்களைவிடத் தெளிவாகத் தேறியதைக் காட்டினார்கள். பல் சிகிச்சையிலும், தீக்காயத்துக்குக் கட்டு மாற்றும்போதும், பிரசவத்திலும் வலியைத் தணிக்க இதைப் பயன்படுத்துகிறார்கள். இடைநிலையில் உள்ள பெரும்பான்மையினருக்கும் இதில் பயனுண்டு. ஆனால் நம் ஊரில் ஒருவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். "எனக்கு வில் பவர் ஜாஸ்தி, அதெல்லாம் ஏறாது" என்பார். ஏறிவிட்டால் மானம் போய்விடுமோ என்ற பயம் அதற்குள் ஒளிந்திருக்கும். பலவீனம் என்ற முத்திரைக்கு அஞ்சி, வலியை மாத்திரையோடு மட்டும் சுமப்பார்.

இன்னொரு பக்கம், உண்மையிலேயே உட்படாதவர். பணம் கட்டி, நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடி, ஒன்றும் நடக்காமல் எழுந்து வருகிறார். அவரிடம், "நீங்க மனசைத் திறக்கல. உங்க டைப்புக்கு இன்னும் பத்து சிட்டிங் வேணும்" என்கிறார்கள். இது அநியாயம். பத்தில் ஒருவருக்கு அது அமைவதில்லை. குட்டையாகப் பிறந்ததற்கு யாரும் மன்னிப்புக் கேட்பதில்லை. அப்படிப்பட்டவரை வேறு சிகிச்சைக்கு அனுப்புவதே மருத்துவரின் கடமை. அதற்குப் பதில் அவர் குணத்தில் குற்றம் கண்டு இன்னும் பத்து முறைக்குப் பணம் வாங்குவது மருத்துவம் ஆகாது.

நன்றாக உட்படுகிறவருக்கோ வேறு ஆபத்து. கற்பனை அவரிடம் நினைவைப்போல உறுதியாகத் தோன்றும். பூர்வ ஜென்மம் காட்டுகிறோம், மறந்த குழந்தைப் பருவத்தை மீட்கிறோம் என்று அழைப்பவர்களிடம் அவர் சிக்கினால், நடக்காத ஒன்றை நடந்ததாகச் சாகும்வரை நம்பக்கூடும். ஹிப்னாடிசத்தில் கிடைக்கும் 'நினைவு' நம்பகமானதல்ல. அதன்மேல் வைக்கும் நம்பிக்கை மட்டும் கூடுகிறது. இவருக்குத் தேவை தன் திறனைப் பற்றிய அறிவும் அதைக் கண்ணியமாகக் கையாளும் நிபுணரும். 'இளகின மனசு' என்ற பட்டம் இரண்டையும் கொடுக்காது.

உங்களுக்கோ உங்கள் வீட்டாருக்கோ இந்தச் சிகிச்சை தேவைப்பட்டால், முதலில் அந்த நபர் மருத்துவரா, அல்லது இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவுபெற்ற மருத்துவ உளவியலரா என்று கேளுங்கள். பதிவெண்ணைக் காட்டச் சொல்லுங்கள். என் திறனை எந்தச் சோதனையால் அறிவீர்கள் என்று கேளுங்கள். எத்தனை அமர்வுகளில் பலன் தெரியாவிட்டால் நிறுத்துவீர்கள் என்று கேட்டு, பதிலை எழுதி வாங்குங்கள். நீங்கள் அகமுகியா புறமுகியா, அறிவாளி வகையா உணர்ச்சி வகையா என்று ஒரு தாளை நீட்டி, அதைக் கொண்டே உங்களுக்குப் பலிக்கும், பலிக்காது என்று சொல்பவரிடம் பணம் கட்டாதீர்கள், எழுந்து வந்துவிடுங்கள்.